நாய்க்குட்டி வாங்கப் போறீங்களா? 'கேரண்டி'யை எழுத்தில் வாங்குங்க!

சனிக்கிழமை மாலை வீட்டுக்கு ஒரு லேப்ரடார் குட்டி வருகிறது. ராத்திரிக்குள் பிள்ளைகள் பெயர் வைத்து, படுக்க ஒரு மூலையும் ஒதுக்கிவிடுகிறார்கள். புதன்கிழமை காலை குட்டி சாப்பிடவில்லை. மதியம் வாந்தி, இரவு ரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு. கால்நடை மருத்துவர் பரிசோதித்துவிட்டு "பார்வோ" என்கிறார். விற்றவருக்குப் போன் போட்டால் பதில் தயாராக இருக்கிறது: "எங்ககிட்ட இருந்தவரைக்கும் நல்லாத்தாங்க இருந்துச்சு. உங்க வீட்டுக்கு வந்த பிறகுதான் ஏதோ ஆயிருக்கு."

இப்படி ஒரு நிலைமை எந்தக் குடும்பத்துக்கும் வரலாம். அப்போது உங்களுக்குக் கைகொடுப்பவை இரண்டு: தேதி, காகிதம். இரண்டையும் வாங்கும்போதே சேர்த்து வைக்க வேண்டும்.

மூன்று நாள் கேரண்டி போதுமா?

பல பிரீடர்கள் 48 மணி நேரம் அல்லது 72 மணி நேரம் 'ஹெல்த் கேரண்டி' தருவதாகச் சொல்கிறார்கள். கேட்கும்போது நியாயமாகத்தான் தெரியும். ஆனால் பார்வோ வைரஸ் உடலுக்குள் நுழைந்த பிறகு அறிகுறி தெரியப் பொதுவாக 3 முதல் 7 நாட்கள் ஆகும். சில நேரம் இரண்டு வாரம் வரைகூட ஆகலாம். டிஸ்டெம்பர் இன்னும் மெதுவாகவே வெளியே தெரியும். அதாவது, பிரீடரிடம் இருக்கும்போதே தொற்றிய நோய், கேரண்டி முடிந்த பிறகு வெளிப்பட வாய்ப்பு உண்டு. எனவே இந்த இரண்டு நோய்களுக்கும் குறைந்தது 14 நாட்கள் கேளுங்கள்.

பரம்பரைக் குறைபாடுகள் வேறு வகை. லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு நாய்களில் காணப்படும் இடுப்பு மூட்டுக் குறைபாடு, குட்டி வளர்ந்து சில மாதங்கள் கழித்தே நடையில் தெரியும். இவற்றுக்கு ஓராண்டு வரை பொறுப்பேற்கச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. டால்மேஷியன், வெள்ளை ராஜபாளையம் குட்டிகளில் சில பிறவியிலேயே காது கேளாதவை. குட்டி பார்க்காதபோது பின்னாலிருந்து கைதட்டிப் பாருங்கள். திரும்பாவிட்டால் மருத்துவரிடம் காட்டாமல் முடிவெடுக்காதீர்கள்.

பணம் கொடுக்கும் முன்

நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனைக்கென மத்திய அரசின் விதிகள் 2017-ல் வந்தன. அவற்றின்படி பிரீடர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். 8 வாரம் நிறையாத குட்டியை விற்கக்கூடாது. விற்கும் குட்டிக்குத் தடுப்பூசி போட்டு, மைக்ரோசிப் பொருத்தியிருக்க வேண்டும். "பதிவுச் சான்றைக் காட்டுங்க" என்று கேட்கத் தயங்காதீர்கள். அது உங்கள் உரிமை.

'கே.சி.ஐ. பேப்பர் இருக்கு' என்றால் உடனே நிம்மதியாகிவிட வேண்டாம். கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் சான்று, குட்டியின் வம்சாவளிப் பதிவைச் சொல்லும். குட்டி ஆரோக்கியமாக இருக்கிறது என்று அது சொல்லாது. இனத்துக்கு ஒரு காகிதம், உடல்நலத்துக்கு ஒரு காகிதம் என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

முடிந்தவரை நேரில் போய், தாய் நாயையும் மற்ற குட்டிகளையும் பாருங்கள். போட்டோ மட்டும் அனுப்பி, 'முன்பணம் போட்டா புக் பண்ணிடுவேன்' என்பவரிடம் கவனமாக இருங்கள். பணம் போன பிறகு ஆளே காணோம் என்றால் அது இணைய மோசடி. தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

கேரண்டியில் என்ன இருக்க வேண்டும்?

* விற்ற தேதி, தொகை, பிரீடரின் பெயர், முகவரி, பதிவு எண்
* குட்டியின் பிறந்த தேதி, மைக்ரோசிப் எண், தடுப்பூசி மற்றும் குடற்புழு நீக்க விவரம்
* எந்த நோய்க்கு எத்தனை நாள் பொறுப்பு
* நோய் வந்தால் என்ன தருவார்: பணமா, மருத்துவச் செலவா, மாற்றுக் குட்டியா?

கடைசி வரியை நிதானமாகப் படியுங்கள். 'குட்டியைத் திருப்பித் தந்தால் வேறு குட்டி' என்று மட்டும் இருந்தால், பாசம் வைத்த குடும்பத்துக்கு அதனால் பெரிய பயன் இல்லை. அதுவுமில்லாமல், பார்வோ வைரஸ் வீட்டுத் தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தடுப்பூசி முழுமையாகாத இன்னொரு குட்டியை உடனே கொண்டுவந்தால் அதற்கும் ஆபத்து. எனவே 'வாங்குபவர் விரும்பினால் சிகிச்சைச் செலவு' என்ற வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

முதல் 48 மணி நேரம்

குட்டி நன்றாகத் துள்ளி விளையாடினாலும், இரண்டு நாளுக்குள் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். எடை, வெப்பநிலை, இதயத் துடிப்பு ஆகியவற்றைத் தேதியுடன் எழுதி வாங்குங்கள். எல்லாம் நன்றாக இருந்தால் நல்லது. பிறகு பிரச்சினை வந்தால், அந்தச் சீட்டுதான் முதல் சாட்சி.

உடம்பு சரியில்லை என்றால்

முதலில் சிகிச்சை, பிறகுதான் சண்டை. பார்வோவில் ஒரு நாள் தாமதமும் உயிருக்கு ஆபத்து. அதோடு, அன்றைக்கே பிரீடருக்கு வாட்ஸ்அப்பில் தகவல் அனுப்புங்கள். போனில் பேசினாலும், பேசியதை ஒரு செய்தியாக எழுதி அனுப்பிவிடுங்கள். பரிசோதனை அறிக்கை, மருந்து ரசீது, யு.பி.ஐ. பணப் பரிமாற்ற விவரம், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வையுங்கள். பழைய உரையாடலை அழிக்காதீர்கள்.

குட்டி இறந்துபோனால் அந்தத் துயரத்தில் இதெல்லாம் தோன்றாதுதான். ஆனாலும், புதைப்பதற்கு முன் பிரேதப் பரிசோதனை செய்ய முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இறப்புக்கான காரணத்தை உறுதியாகச் சொல்லும் காகிதம் அது.

எல்லா நோய்க்கும் பிரீடரே பொறுப்பு என்று சொல்ல முடியாது. வாங்கி ஒரு மாதம் கழித்து, தடுப்பூசித் தவணையைத் தவறவிட்ட குட்டிக்கு நோய் வந்தால், அவர் மீது குற்றம் சொல்வது கடினம். அடுத்தடுத்த தடுப்பூசிகளைத் தேதி தவறாமல் போடுவது உங்கள் பக்கத்துக் கடமை.

'விற்ற குட்டி திரும்பப் பெறப்படாது' என்றால்?

அந்த ஒரு வரியோடு விஷயம் முடிந்துவிடாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன்படி குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. ரசீதில் குறிப்பிட்ட காலத்துக்குள், காலம் குறிப்பிடாவிட்டால் 30 நாட்களுக்குள் பணத்தைத் தர வேண்டும். ரசீது தராததும் அதே பட்டியலில்தான் வருகிறது. உயிருள்ள குட்டியை 'பொருள்' என்று சொல்ல மனசு வராது. ஆனால் வாங்கல்-விற்கல் என்று வரும்போது சட்டம் அப்படித்தான் பார்க்கிறது.

எங்கே புகார் செய்வது?

1. என்ன நடந்தது, எவ்வளவு செலவு, என்ன வேண்டும் என்று பிரீடருக்கு எழுத்தில் அறிவிப்பு அனுப்புங்கள். பதில் தர 15 நாட்கள் கொடுக்கலாம்.

2. பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். பல தகராறுகள் இங்கேயே பேசித் தீர வாய்ப்புண்டு.

3. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். விற்பவர் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். செலுத்திய விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை. 'இ-ஜாக்ரிதி' தளத்தில் செல்போனிலிருந்தே தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் செய்ய வேண்டும்.

4. பதிவில்லாத பிரீடர், 8 வாரத்துக்கு முன் விற்ற குட்டி, மோசமான கூண்டுகள் போன்றவற்றைத் தமிழ்நாடு விலங்குகள் நல வாரியத்துக்குத் தெரிவியுங்கள். அங்கே மிச்சமிருக்கும் குட்டிகளுக்கும் அது உதவும்.

வாங்கும் நாளில் 'இவ்வளவு கேள்வி கேக்கறாங்களே' என்று யாராவது முகம் சுளிக்கலாம். பரவாயில்லை. நல்ல பிரீடர் உங்களையும் கேள்வி கேட்பார்: வீட்டில் இடம் இருக்கா, பகலில் யார் பார்த்துக்குவாங்க என்று. இரு பக்கமும் கேள்வி கேட்டு, பதிலை எழுதி வாங்கிய பிறகு குட்டியைக் கையில் வாங்குங்கள். பிறகு பிள்ளைகள் நிம்மதியாகப் பெயர் வைக்கட்டும்.