நெல் குடியிருந்த வீடு

தஞ்சைத் தரணியில் பழைய மிராசுதார் வீடு ஒன்றினுள் முதன்முறை அடியெடுத்து வைப்பவர், இத்துணை விஸ்தாரமான கிருகத்தில் மனிதர் படுத்துறங்கும் அறைகள் மட்டும் ஏன் இவ்வளவு குறுகி இருண்டிருக்கின்றன என்று ஐயுறுவது இயல்பே. அந்த வீட்டின் முதல் குடித்தனக்காரர் நெல்தான். மனிதரெல்லாம் அதற்கு அடுத்தபடி என்பதே அதற்கு விடை.

தெருத் திண்ணையிலிருந்து இடைகழி, கூடம், முற்றம், இரண்டாங்கட்டு, கிணற்றடி என்று நீண்டு, கொல்லையில் மாட்டுக்கொட்டிலும் களமும் வைக்கோற்போருமாக முடியும் அவ்வீட்டில், கதவுகள் ஒரே நேர்கோட்டில் அமைந்திருப்பதால், திண்ணையில் சாய்ந்திருப்பவர் கொல்லையில் யார் நடமாடுகிறார் என்பதையும் கண்டுகொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நாற்புறக் கூரையும் முற்றத்தை நோக்கிச் சரிந்து நீரை வார்க்க, இரு சரிவுகள் கூடும் கூடுவாயின் கீழே வைத்த அண்டா நிமிஷங்களில் நிரம்பி வழியும்.

கூரையைப் பார்த்தே வீட்டின் வயதை ஒருவாறு ஊகிக்கலாம். பனங்கைகளின்மேல் மூங்கிற் பிளாச்சு பரப்பிக் குயவர் வனைந்த நாட்டு ஓடுகளை அடுக்கடுக்காக வேய்ந்தது பழைய முறை. 1865-இல் பாஸல் மிஷனைச் சேர்ந்த பிளெப்ஸ்ட் என்பவர் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை நிறுவிய பிற்பாடு, தட்டையான சீமை ஓடு நாளடைவில் இப்பக்கமும் வந்து சேர்ந்தது.

ஆயினும் வீட்டின் ஜீவன் பத்தாயத்தில்தான் இருந்தது. ஈரமும் எலியும் அண்டாதபடி கால்கள்மேல் நிறுத்தி, கனத்த பலகைகளை ஒன்றோடொன்று பொருத்தி எழுப்பிய அம்மரப்பெட்டிக்குள், வேப்பிலையும் நொச்சியிலையும் இடையிட்டு நெல்லைக் கொட்டுவார்கள். மேல்வழியே நிரப்பி, அடியிலுள்ள சிறு வாயின் அடைப்பை இழுத்து வேண்டுமளவு வாங்கிக்கொள்வதால், முதலில் போட்ட நெல் முதலில் வெளிவரும். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்ற கணக்கில் கூலி, ஊர்ப் பணியாளருக்குரிய ஸ்வதந்திரப் பங்கு, கோயிற்படி யாவும் அளக்கப்பட்டன. அந்நெல்லை விளைவித்த பண்ணையாளோ திண்ணை ஏறியதில்லை. கொல்லைப்புறமாக வந்து கூலி பெற்று, வந்த வழியே திரும்பினார். சிற்ப நேர்த்தியைப் புகழும்போது, வீட்டின் அமைப்பிலேயே ஊறியிருந்த இந்தப் பேதத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

1952-ஆம் ஆண்டின் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் அந்தக் கூலி அளவையில் கைவைத்தது. 1961-இல் வந்த நில உச்சவரம்புச் சட்டம் முப்பது ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று வரம்பு கட்டியது; 1970-இல் அது பதினைந்தாகக் குறைந்தது. 1972-இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் தோன்றி, கொள்முதல் நிலையங்கள் ஊருக்கு ஊர் பரவியபின், நெல் களத்திலிருந்து நேரே மூட்டையாகி லாரி ஏறலாயிற்று. வீட்டு வாசற்படியை மிதிக்கவேண்டிய அவசியம் அதற்கு இல்லாமற் போயிற்று.

பழைய வீடுகளைப் புதுப்பிக்கிற இக்காலத்தார், முற்றத்தின் அழகுக்காக அதைப் போற்றிக் காக்கிறார்கள். பத்தாயத்தை மட்டும் இடத்தை அடைப்பதாகச் சொல்லிப் பலகை பலகையாகப் பிரித்து விற்றுவிடுகிறார்கள். அப்படிப் பிரிக்கும்போது பொருத்துவாய்களிலிருந்து உதிரும் நாலைந்து நெல்மணிகளே, அவ்வீடு யாருக்காகக் கட்டப்பட்டது என்பதற்கு எஞ்சிய சாட்சியம்.