போல்ட்டின் தலையெழுத்து

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உருட்டாலையோ லேத் பட்டறையோ, எங்கே போனாலும் அதிர்வுதான். ஓடுகிற மோட்டார் ஆட்டம் கண்டு போல்ட் முறிந்தால், "ஃபிட்டர் சரியா இறுக்கல" என்று பழி ஓர் ஆள்மேல் விழுந்துவிடும். அந்த போல்ட் எங்கே, எந்த பில்லில் வாங்கியது என்று யாரும் கேட்பதில்லை.

போல்ட்டின் தலையில் 8.8, 10.9, 12.9 என்று தர எண்ணும், தயாரித்தவரின் அடையாளமும் இருக்க வேண்டும். 8.8 என்றால் இழுவலிமை 800 மெகாபாஸ்கல். அதில் 80 சதவீதத்தைத் தாண்டினால் போல்ட் நிரந்தரமாக நீண்டுவிடும். 8.8 போல்ட்டுக்குத் தர எண் 8 உள்ள நட்டு, 10.9-க்குத் தர எண் 10. இதற்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 1367. எண்ணே இல்லாமல் கிலோ கணக்கில் வாங்கியதை வேலிக்குப் போடலாம், பாரந்தூக்கிக்குக் கூடாது. அதற்காக எல்லா இடத்திலும் 12.9-ஐப் போடுவதும் சரியல்ல. துத்தநாக முலாம் பூசும்போது உள்ளே புகும் ஹைட்ரஜனால், அவ்வளவு கடினமான போல்ட் இறுக்கிச் சில மணி நேரமோ சில நாளோ கழித்துத் தானாகவே முறியக்கூடும்.

ஸ்பிரிங் வாஷர் போட்டால் போதும் என்பது பட்டறை நம்பிக்கை, ஆனால் அது போதாது. பக்கவாட்டு அதிர்வில் மரை எப்படித் தானே கழல்கிறது என்பதை ஜெர்மானியப் பொறியாளர் யுங்கர் 1969-இலேயே விளக்கிவிட்டார். அப்படிக் கழல்வதைத் தடுப்பதுதான் 'லாக்டைட்' என்று நாம் பொதுவாகச் சொல்லும் மரைப் பசை. காற்று படாத இடத்தில், உலோகம் தொட்டால்தான் இது இறுகும். பாட்டிலைப் பாதி காலியாக விற்பது ஏமாற்று வேலை அல்ல, உள்ளே காற்று இருக்க வேண்டும் என்பதற்காகத்தான். வழக்கமான நீலப் பசை ஸ்பேனருக்கு விட்டுக்கொடுக்கும். சிவப்புக்கு 250 டிகிரி அளவுக்குச் சூடு காட்ட வேண்டும். நிறத்தை மட்டும் நம்பாமல் பாட்டில் எண்ணையும் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைக்காவிட்டால் பிடிக்காது. முழு வலிமைக்கு 24 மணி நேரம் விடுங்கள். ஸ்டெயின்லெஸ் என்றால் இன்னும் தாமதமாகும். ஆக்சிஜன் குழாய்க்கு வேண்டவே வேண்டாம். சில பிளாஸ்டிக்குகள் இதனால் விரிசல் விடும். கையில் பட்டால் சிலருக்கு ஒவ்வாமை வரும் என்பதால், பாதுகாப்புத் தரவுத் தாளை நிர்வாகத்திடம் கேளுங்கள். தான் புழங்கும் பொருளின் ஆபத்தை அறிவது தொழிலாளியின் சட்ட உரிமை.

போலி என்று தெரிந்தால்? பிழைப்புக்காகத் தானே பட்டறை நடத்துபவர் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 'நுகர்வோர்'. நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம், திருவள்ளூர் மாவட்ட ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். வாங்கிய விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. பெரிய தொழிற்சாலைக்கு இந்த வழி பொதுவாக அடைபட்டது; அதற்கு 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம்தான். சொன்ன விவரப்படி சரக்கு வரவில்லை என்று அங்கே வாதாட, பில்லில் வெறும் 'ஹை டென்சில் போல்ட்' என்றிருந்தால் பிடி தளர்ந்துவிடும். தர எண், ஐ.எஸ். எண், பேட்ச் மூன்றையும் எழுதி வாங்குங்கள். பிறர் பெயரைப் போல்ட்டில் பொறிப்பது வணிகக் குறிச் சட்டப்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால் அதன் உரிம எண்ணைப் பி.ஐ.எஸ். கேர் செயலியில் சரிபார்க்கலாம்.

விபத்து நடந்துவிட்டால் முறிந்த துண்டைக் கழுவாமல், இரண்டையும் ஒட்டவைத்துப் பார்க்காமல், உலர்ந்த கவரில் போட்டு வையுங்கள். முறிந்த முகம்தான் சாட்சி. அதே பெட்டியில் மிஞ்சிய போல்ட்டுகளையும் பில்லோடு சேர்த்து வைத்தால், அது பொருளின் கோளாறா, இறுக்கியவர் தவறா என்பதை ஆய்வகம் பிரித்துச் சொல்ல வழியிருக்கும்.