பிரிண்டர் ஓடவில்லையா? அறுந்த இழையைத் தேடுங்கள்!

காலடிப்பேட்டை!

வட சென்னையில், திருவொற்றியூரை ஒட்டி இருக்கிறது இந்த ஊர். பெயரைக் கேட்டதும், யாரோ ஒரு மகானின் காலடி பட்ட இடம் என்று நினைக்கத் தோன்றும். உண்மை வேறு.

1717-ம் ஆண்டு முதல் 1720-ம் ஆண்டு வரை சென்னைக் கோட்டையில் கவர்னராக இருந்தவர் ஜோசப் காலட் என்ற ஆங்கிலேயர். துணி வியாபாரத்துக்காக அவர் இங்கே நெசவாளர்களைக் குடியேற்றினார். அவர் பெயரால் "காலட் பேட்டை" என்று ஊருக்குப் பெயர் வந்தது. மக்கள் வாயில் அது "காலடிப்பேட்டை" ஆகிவிட்டது.

300 ஆண்டுகள் ஓடிவிட்டன. 2021-ல் மெட்ரோ ரெயிலும் வந்துவிட்டது. இன்று பல வீடுகளில் கம்ப்யூட்டர் இருக்கிறது. 2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது. எத்தனையோ ஏழை வீடுகளுக்குள் முதன்முதலாக நுழைந்த கம்ப்யூட்டர் அதுதான். பின்னாலேயே பிரிண்டரும் வந்தது.

தறியில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் என்ன செய்வார்? தறியைப் பிரித்துப் போடுவாரா? மாட்டார். எந்த இழை அறுந்தது என்று பார்ப்பார். அதை முடிந்துவிட்டு மறுபடி நெய்வார்.

கம்ப்யூட்டருக்கும் பிரிண்டருக்கும் வைத்தியம் அதுதான்!

இரவு 10 மணிக்கு வரும் சோதனை

மறுநாள் காலையில் மகளுக்குப் பரீட்சை. ஹால் டிக்கெட் எடுக்க வேண்டும். இரவு 10 மணி. கடைகள் எல்லாம் மூடிவிட்டன. பட்டனை அழுத்தினால் பிரிண்டர் அசையவில்லை. அப்பா கத்துகிறார். அம்மா கண் கலங்குகிறாள். மகள் பட்டனைப் பத்து முறை அழுத்துகிறாள். காகிதம் மட்டும் வரவில்லை.

இது எந்த வீட்டிலும் நடக்கலாம். வேலைக்கு மனுப் போடக் கடைசி நாளிலும் நடக்கலாம். இதில் போவது மெக்கானிக் கூலி மட்டும் அல்ல. ஒரு வருடப் படிப்பே போகலாம். கைக்கு வரவேண்டிய வேலை நழுவலாம்.

ஆனால், பிரிண்டர் நின்றுவிட்டது என்றால் அது கெட்டுவிட்டது என்று அர்த்தம் இல்லை. பல சமயம் வீட்டில் இருப்பவர்களே சரி செய்துவிடக்கூடிய சின்னக் கோளாறாகத்தான் இருக்கும். அதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. பொறுமை இருந்தால் போதும்.

கோளாறு எந்தப் பக்கம்?

ஒரு பக்கம் அச்சாகி வெளியே வர மூன்று பேர் வேலை செய்ய வேண்டும். ஒன்று, கம்ப்யூட்டர். இரண்டு, சேதியைக் கொண்டுபோகும் ஒயர் அல்லது வைஃபை. மூன்று, பிரிண்டர். யார் படுத்துவிட்டார் என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

முதலில் கண்ணால் பாருங்கள். பிரிண்டரில் விளக்கு எரிகிறதா? காகிதம் இருக்கிறதா? மூடிகள் சரியாக மூடியிருக்கின்றனவா? ஒயர் இரண்டு முனையிலும் இறுக்கமாக இருக்கிறதா? கழற்றி மறுபடி சொருகிப் பாருங்கள். வீடு பெருக்கும்போது ஒயர் நழுவியிருக்கலாம்.

அடுத்து ஒரு சோதனை. உங்கள் பிரிண்டரில் ஜெராக்ஸ் எடுக்கும் வசதி உண்டா? கம்ப்யூட்டரைத் தொடாமல் ஏதாவது ஒரு காகிதத்தை வைத்து ஒரு ஜெராக்ஸ் எடுங்கள்.

ஜெராக்ஸ் நன்றாக வந்தால் பிரிண்டர் மீது குற்றம் இல்லை. கோளாறு கம்ப்யூட்டரிலோ ஒயரிலோ இருக்கிறது. ஜெராக்சும் வரவில்லையா? அப்படியானால் கோளாறு பிரிண்டரில்தான். கம்ப்யூட்டரை நோண்ட வேண்டாம்.

பார்த்தீர்களா! ஒரே ஒரு காகிதத்தில் பாதி வேலை முடிந்துவிட்டது.

கியூவில் நிற்கும் காகிதம்

பிரிண்டர் நல்லது, ஆனால் கம்ப்யூட்டர் அனுப்பியது வரவில்லை. ஏன்?

ரேஷன் கடைக் கியூவை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் நிற்பவர் கார்டைத் தொலைத்துவிட்டார். நகரவும் மாட்டேன் என்கிறார். பின்னால் நிற்பவர்கள் என்ன செய்வார்கள்? நிற்க வேண்டியதுதான்!

கம்ப்யூட்டருக்குள்ளும் இப்படி ஒரு கியூ இருக்கிறது. நீங்கள் பிரிண்ட் கொடுப்பவை எல்லாம் அதில் வரிசையாக நிற்கும். முதலில் நிற்பது சிக்கிக்கொண்டால் மற்றவை நகராது. பத்து முறை அழுத்தினால் பத்துப் பேர் கியூவில் சேர்ந்துகொள்வார்கள். அவ்வளவுதான். பிறகு கோளாறு தீர்ந்ததும் பத்தும் மொத்தமாக வந்து விழும். காகிதமும் மையும் நஷ்டம்!

விண்டோஸ் கம்ப்யூட்டரில் "செட்டிங்ஸ்" பகுதியைத் திறந்து, பிரிண்டர்கள் என்ற இடத்துக்குப் போங்கள். உங்கள் பிரிண்டரின் பெயரைத் தொட்டு, கியூவைத் திறங்கள். நிற்பவற்றை எல்லாம் "கேன்சல்" செய்யுங்கள். அப்படியும் போகவில்லையா? பிரிண்டர், கம்ப்யூட்டர் இரண்டையும் அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள். பிறகு ஒரே ஒரு முறை பிரிண்ட் கொடுங்கள்.

அதே இடத்தில் இன்னொன்றையும் பாருங்கள். சேதி வேறு பிரிண்டருக்குப் போகிறதா? பழைய பிரிண்டரின் பெயர் கம்ப்யூட்டரில் அப்படியே இருக்கும். "பி.டி.எஃப்" என்ற பெயரிலும் ஒன்று இருக்கும். அது காகிதம் தராது. கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு நகலை எழுதி வைக்கும். உங்கள் பிரிண்டரின் பெயரைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வைஃபை பிரிண்டரா? கம்ப்யூட்டரும் பிரிண்டரும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். வைஃபையின் பாஸ்வேர்டை மாற்றினால் பிரிண்டருக்கு அது தெரியாது. அதற்கும் புதிய பாஸ்வேர்டைச் சொல்லித் தர வேண்டும்.

கடல் காற்றும் காகிதமும்

வட சென்னைக்குக் கடல் பக்கம். காற்றில் ஈரம் அதிகம். காகிதம் அந்த ஈரத்தைக் குடித்துவிடும். ஈரம் குடித்த காகிதம் வளையும். ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். பிரிண்டருக்குள் இரண்டு மூன்றாகப் போய்ச் சிக்கும்.

இதற்கு என்ன செய்யலாம்? காகிதக் கட்டைப் பிரித்து அப்படியே வெளியே வைக்காதீர்கள். வேண்டியதை மட்டும் எடுத்துவிட்டு, மீதியை அதன் உறையிலேயே மடித்து மூடி வையுங்கள். காகிதத்தைப் போடுமுன் கட்டை விசிறிபோல் ஒரு முறை விரித்துவிட்டுப் போடுங்கள். தட்டில் அளவுக்கு மேல் திணிக்காதீர்கள்.

சிக்கிவிட்டதா? முதலில் பிரிண்டரை அணையுங்கள். மூடியைத் திறந்து, இரண்டு கைகளாலும் காகிதத்தை மெல்ல, நேராக இழுங்கள். முடிந்தவரை காகிதம் போகும் திசையிலேயே இழுக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் கிழியும். உள்ளே தங்கும் சின்னத் துண்டு பிறகு பெரிய தொல்லை தரும். கத்தி, கத்தரிக்கோல் விடவே கூடாது. லேசர் பிரிண்டராக இருந்தால் உள்ளே கை சுடும். ஆறவிட்டுத் தொடுங்கள்.

மை ஏன் காய்கிறது?

1977-ம் ஆண்டு. ஜப்பானில் கேனன் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடம். ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோல், மை நிரப்பிய ஊசி ஒன்றின் மீது தற்செயலாகப் பட்டுவிட்டது. உடனே ஊசி முனையில் இருந்து மை சீறிப் பாய்ந்தது! அதைப் பார்த்துப் பிறந்ததுதான், சூட்டால் மையைத் தெறிக்கவைக்கும் இங்க்ஜெட் முறை. சூடு இல்லாமல் தெறிக்கவைக்கும் முறையும் உண்டு.

எந்த முறையானாலும் மை வரும் துளை, தலைமுடியைவிட மெல்லியது. பல வாரம் சும்மா கிடந்தால் அதில் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும். எழுத்தில் கோடு கோடாக வெள்ளை விழும். ஒரு நிறம் மட்டும் வராமல் போகும்.

வாரம் ஒரு முறை ஒரு கலர்ப் பக்கம் எடுத்துவிடுங்கள். துளை அடைக்காது.

அடைத்துவிட்டால், பிரிண்டரிலேயே துளையைச் சுத்தம் செய்யும் வசதி இருக்கிறது. அதை இரண்டு, மூன்று முறை செய்யலாம். அதற்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு முறையும் அது மையைக் குடிக்கும். ஓர் இரவு விட்டுவிட்டு, மறுநாள் மறுபடி செய்து பாருங்கள்.

இன்னொரு முக்கியமான விஷயம். பிரிண்டரைச் சுவர் சுவிட்சில் அணைக்காதீர்கள். பிரிண்டரில் உள்ள பட்டனை அழுத்தி அணையுங்கள். அப்போதுதான் அது துளைகளுக்கு மூடி போட்டுவிட்டுத் தூங்கும். பிறகு சுவர் சுவிட்சை அணைக்கலாம்.

மாதம் ஒரு முறைதான் பிரிண்ட் எடுப்பீர்களா? லேசர் பிரிண்டர் வாங்குவது நல்லது. அதில் இருப்பது பொடி. காயாது.

தமிழ் எழுத்து எங்கே போயிற்று?

வீட்டில் தமிழில் அழகாக ஒரு கடிதம் அடித்தார் ஒருவர். பென் டிரைவில் போட்டுக் கடைக்குக் கொண்டுபோனார். கடைக் கம்ப்யூட்டரில் திறந்தால் தமிழைக் காணோம்! ஏதோ ஆங்கில எழுத்துகள் தாறுமாறாக நின்றன.

பேய் அல்ல, பிசாசு அல்ல. எழுத்துருக் கோளாறு.

பழைய தமிழ் எழுத்துருக்களில், ஆங்கில எழுத்து இருக்கும் இடத்தில் தமிழ் எழுத்தை உட்காரவைத்திருந்தார்கள். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் வேஷம் கலைந்து ஆங்கிலம் தெரியும்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க வந்ததுதான் யூனிகோடு. 1991-ல் வெளிவந்த முதல் பட்டியலிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. அதில் "அ" என்ற எழுத்துக்கு எண் 2949. அமெரிக்காவானாலும் காலடிப்பேட்டையானாலும் அதே எண்தான். 2010-ல் தமிழக அரசும் யூனிகோடை ஏற்றுக்கொண்டது.

ஆகவே தமிழை யூனிகோடிலேயே அடியுங்கள். கடைக்குக் கொண்டுபோகுமுன் "பி.டி.எஃப்" ஆக மாற்றிக்கொள்ளுங்கள். வீட்டில் பார்த்தது போலவே அங்கும் வரும்.

ஆதார் கார்டு, பாங்கிப் புத்தகம் போன்றவற்றைக் கடையில் பிரிண்ட் எடுத்தால், நகலைக் கடைக் கம்ப்யூட்டரில் இருந்து அழித்துவிடச் சொல்லுங்கள். அழிக்கும்வரை நின்று பாருங்கள். வெட்கப்பட வேண்டியதில்லை.

போனில் வரும் மெக்கானிக்

கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டே இருக்கும்போது திடீரென்று ஒரு பலகை தோன்றும். "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்! உடனே இந்த நம்பருக்குப் போன் செய்யுங்கள்" என்று அலறும். போன் செய்தால் இனிமையாகப் பேசுவார்கள். கம்ப்யூட்டரைத் தங்கள் கைக்கு மாற்றச் சொல்வார்கள். ஓ.டி.பி. கேட்பார்கள். கொடுத்தால் பாங்கியில் உள்ள பணம் பறந்துவிடும்!

நல்ல கம்பெனி எதுவும் இப்படிக் கூப்பிடாது. அந்தப் பலகையை மூடுங்கள். மூட முடியாவிட்டால் கம்ப்யூட்டரையே அணைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். சைபர் குற்றங்களுக்காக அரசு வைத்திருக்கும் எண் அது.

எப்போது தொடவே கூடாது?

எல்லாவற்றையும் வீட்டிலேயே பார்த்துவிட முடியாது. தீய்ந்த வாடை வந்தாலும், புகை வந்தாலும், தொட்டால் ஷாக் அடித்தாலும் தொடாதீர்கள். வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

பழைய லேப்டாப்பில் பாட்டரி உப்பி, அடிப்பக்கம் புடைத்திருக்கிறதா? சார்ஜ் போடாதீர்கள். அழுத்தாதீர்கள். அது தீப்பிடிக்கும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் சென்னையில் ஏராளமான வீடுகளில் தண்ணீர் புகுந்தது. அப்படி நனைந்த யந்திரத்தை "ஓடுகிறதா பார்ப்போம்" என்று போடவே கூடாது. தண்ணீர் செய்யாத சேதத்தை மின்சாரம் செய்துவிடும். மெக்கானிக் திறந்து உலர்த்திய பிறகே போட வேண்டும்.

மெக்கானிக்கைக் கூப்பிடுமுன், திரையில் வந்த வாசகத்தை அப்படியே எழுதி வையுங்கள். அல்லது செல்போனில் படம் எடுங்கள். "ஜெராக்ஸ் வருகிறது, கம்ப்யூட்டரில் இருந்து மட்டும் வரவில்லை" என்று சொல்லுங்கள். விஷயம் தெரிந்தவரிடம் கூலியைக் கூட்டிச் சொல்ல யாரும் தயங்குவார்கள்!

ஒரு சமயத்தில் ஒன்று

கடைசியாக ஒரு வார்த்தை. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பலன் வந்ததா என்று பாருங்கள். வராவிட்டால் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள். நான்கை ஒரே சமயத்தில் மாற்றினால், எதனால் சரியாயிற்று என்றும் தெரியாது. எதனால் கெட்டது என்றும் தெரியாது.

கோளாறு தீர்ந்ததும், என்ன கோளாறு, எப்படித் தீர்ந்தது என்று இரண்டு வரி எழுதி, தேதி போட்டு, பிரிண்டர் பக்கத்துச் சுவரில் ஒட்டிவிடுங்கள். மகன் எழுதினாலும் சரி, புதிதாக எழுதப் படிக்கக் கற்ற பாட்டி எழுதினாலும் சரி. அடுத்த முறை பிரிண்டர் நிற்கும்போது வீட்டில் யார் இருக்கிறார்களோ, அவர் அதைப் படித்தே சரி செய்துவிடுவார்.