டப்பா அடுப்பு: புகை குறையும், கரி மிஞ்சும்

துவரை மிளாறு, பருத்தி மார், சீமைக்கருவேல் சுள்ளி, கொட்டாங்குச்சி என்று நம்ம காட்டில் விறகுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் மூணு கல்லைக் கூட்டி எரித்தால் கண்ணைக் கரிக்கும் புகைதான். கடைசியில் மிஞ்சுவது ஒரு பிடி சாம்பல். மண்ணுக்குப் போக வேண்டிய கரிமம் காற்றோடு போய்விடுகிறது. பழைய டப்பா இரண்டு இருந்தால் இதற்கு ஒரு வழி பண்ணலாம்.

புகை என்பது எரியாமல் தப்பிய வாயு. விறகு சூடானதும் வாயு கிளம்பும். அதற்குச் சூடான காற்று கிடைத்தால் தீ, கிடைக்காவிட்டால் புகை. அமெரிக்காவின் தாமஸ் ரீட், நார்வேயின் பால் வெண்டல்போ இருவரும் 1980-களில் தனித்தனியே இதற்கேற்ற அடுப்பை உருவாக்கினார்கள். விறகை மேலிருந்து பற்ற வைப்பதுதான் அதன் சூட்சுமம்.

உள் டப்பா: ஒரு கிலோ பால்பவுடர் டின் போதும். அடியில் ஆணியால் 20 துளை போடுங்கள். வாய்க்கு ஒரு அங்குலம் கீழே சுற்றிலும் இன்னொரு 20 துளை.

வெளி டப்பா: விரல் தடிமன் இடைவெளி விடும்படி அகலமாகவும், இரண்டு விரல் உயரமாகவும் இருக்கணும். அதைக் கவிழ்த்து, மேலே வரும் அடித்தகட்டில் உள் டப்பா இறுக்கமாக நுழையும் அளவுக்கு வட்டம் வெட்டுங்கள். உள் டப்பாவின் விளிம்பு அதில் தொங்கி நிற்கும். தரையோரமாகச் சுற்றிலும் கட்டைவிரல் அளவில் 8 துளை வேண்டும். உள்ளே வரும் காற்றில் ஒரு பகுதி அடித்துளை வழியே விறகுக்குப் போகும். மீதி இடைவெளியில் சூடாகி, மேல் துளையில் வந்து வாயுவை எரிக்கும்.

நன்கு காய்ந்த சுள்ளியை விரல் நீளத்துக்கு ஒடித்து, மேல் துளைக்குக் கீழே வரை நிரப்பி, உச்சியில் பற்ற வையுங்கள். சுற்றி மூணு செங்கல்லை நிறுத்தி, டப்பா வாய்க்கு இரண்டு விரல் மேலே பாத்திரம் நிற்கிற மாதிரி வைத்தால் டீயோ கஞ்சியோ தயார்.

மஞ்சள் தீ அடங்கி, கரி கனன்றால் வாயு தீர்ந்தது என்று அர்த்தம். உடனே இடுக்கியால் டப்பாவைத் தூக்கி, கரியைத் தண்ணீர் வாளியில் கொட்டிவிடுங்கள். விட்டால் அதுவும் சாம்பலாகிவிடும். கரியைப் பொடித்து, ஜீவாமிர்தத்திலோ தொழுவுரத்திலோ இரண்டு வாரம் ஊறவிட்டு நிலத்தில் போடுங்கள். வெறும் கரியைப் போட்டால் அது மண்ணிலுள்ள சத்தைத் தானே பிடித்து வைத்துக்கொள்ளும். எங்க பேங்க் பாஷையில், சாம்பல் செலவுக் கணக்கு, ஊறிய கரி நீண்டகால வைப்பு.

கவனம்: பூச்சிமருந்து டப்பா வேண்டவே வேண்டாம். துத்தநாகம் பூசிய தகடும் ஆகாது, சூட்டில் நச்சுப்புகை வரும். மூடிய அறைக்குள் எரிக்கவே கூடாது. கனலும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆளையே கொன்றுவிடும். காற்றோட்டமான களத்துமேட்டிலோ மரத்தடியிலோ வைத்து எரியுங்கள்.