வேண்டியதை மீட்டு, வேண்டாததை விடும் சிறுநீரகம்

சி.டி. ஸ்கேன் எடுக்கச் செல்வோரில் பலருக்குக் கை நரம்பின் வழியே ஒரு திரவம் செலுத்தப்படுகிறது. சில நொடிகளில் உடலெங்கும் இளஞ்சூடு பரவுவதை உணர்கிறோம். எக்ஸ் கதிர்களைத் தடுத்து, இரத்தக் குழாய்களைப் படத்தில் தெளிவாகக் காட்டுவதற்கான அயோடின் அடங்கிய செயற்கைச் சேர்மம் அது. அயோஹெக்சால் அவ்வகையில் பரவலாகப் பயன்படும் ஒன்றாகும். உடல் அதனை உணவாகக் கொள்வதில்லை, சிதைப்பதும் இல்லை. சென்ற வடிவிலேயே அது வெளியேற வேண்டும். இயற்கையில் இல்லாத இப்பொருளைச் சிறுநீரகம் எவ்வாறு அடையாளம் காண்கிறது?

அடையாளம் காண்பதே இல்லை என்பதுதான் வியப்பு.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 இலட்சம் நெஃப்ரான்கள் உள்ளன. ஒவ்வொன்றின் தலைப்பிலும் நுண்ணிய இரத்தக் குழாய்களாலான முடிச்சு ஒன்று வடிகட்டியாக அமைந்துள்ளது. இரத்த அணுக்களையும் பெரிய புரதங்களையும் அது தடுத்து நிறுத்துகிறது. நீர், உப்பு, சர்க்கரை, யூரியா போன்ற சிறியவற்றை வேறுபாடின்றி வடிய விடுகிறது. ஆல்புமின் என்னும் புரதத்தின் மூலக்கூறு எடை சுமார் 66,000. அயோஹெக்சாலின் எடையோ 821. ஆகவே அதுவும் எளிதில் வடிந்துவிடுகிறது.

இவ்வாறு நாளொன்றுக்கு வடிவது சுமார் 180 லிட்டர். சிறுநீராக வெளியேறுவதோ ஒன்றரை லிட்டர் அளவே. எஞ்சியதை நுண்குழாய்கள் மீட்டுக்கொள்கின்றன. சர்க்கரை, அமினோ அமிலம், உப்பு ஆகியவற்றை மீட்கத் தனித்தனி வாயில்கள் உண்டு. வங்கியாளர்களாகிய நாங்கள் அறிந்த வகையில் கூறுவதானால், பெட்டகத்தில் உள்ளவற்றையெல்லாம் மேசைமேல் கொட்டி, உரியவற்றை மட்டும் எண்ணி உள்ளே வைப்பதற்கு இது ஒப்பாகும். அயோஹெக்சாலுக்கு வாயில் ஏதும் இல்லாததால் அது வெளியேறுகிறது.

சிறுநீரகம் நலமாக இருப்பின், ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் பாதியும், 24 மணி நேரத்திற்குள் பெரும்பாலும் முழுமையும் அகன்றுவிடும். இந்த ஒழுங்கைக் கொண்டே, சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனை அளக்கவும் அயோஹெக்சாலைப் பயன்படுத்துகின்றனர்.

வடிகட்டும் திறன் குன்றியவரிடமோ அது நெடுநேரம் தங்கும். நலிந்த சிறுநீரகத்திற்குச் சுமையாகவும் அமையக்கூடும். அதனாலேயே ஸ்கேனுக்கு முன் இரத்தத்தில் கிரியேட்டினின் அளவைக் கேட்கின்றனர். அதிலிருந்து கணக்கிடப்படும் இ.ஜி.எஃப்.ஆர். 30-க்குக் கீழ் இருப்பின் மருத்துவர் கூடுதல் எச்சரிக்கை கொள்வார். நீரிழிவுக்கு உட்கொள்ளும் மெட்ஃபார்மினும் மாற்றமின்றிச் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுவது. ஆகவே அதை உட்கொள்வோர் அதனை முன்கூட்டியே தெரிவித்தல் வேண்டும். தாமாக நிறுத்துதல் கூடாது. முன்பு இத்தகைய ஊசியால் ஒவ்வாமை ஏற்பட்டிருப்பின் அதையும் மறைக்கலாகாது.

சிறுநீரக நோய் தொடக்கத்தில் வலியோ வேறு அறிகுறியோ காட்டுவது அரிது. நீரிழிவோ உயர் இரத்த அழுத்தமோ உடையவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையேனும் கிரியேட்டினினையும் சிறுநீரில் ஆல்புமினையும் பரிசோதித்துக்கொள்வது நலம். சேமிப்புக் கணக்கின் இருப்பை அவ்வப்போது பார்க்கும் நாம், இந்த இருப்பையும் அறிந்து வைத்திருப்போம்.