பனிக்கண்டத்தில் ஒரு ஸ்பானர்

குற்றாலத்தில் சாரல் வீசும் ஆடி மாதத்தில், ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரத் துண்டுடன் காற்றில் நின்றிருக்கிறீர்களா? பற்கள் கிட்டித்துப் போகும். சட்டைப் பொத்தானைப் போட விரல் மறுக்கும். தென்காசி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் உடம்பு நம்முடையது ஆகும். இத்தனைக்கும் அப்போது காற்றின் வெப்பநிலை 25 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும்! சுழியத்துக்குக் கீழே 10 டிகிரியில், பொத்தானைவிடச் சிறிய திருகாணியை முடுக்க வேண்டியவரை எண்ணிப் பாருங்கள்.

அப்படிப்பட்டவர்கள் நம் படைகளிலும் உண்டு. 1981 டிசம்பர் 6 அன்று டாக்டர் காசிம் தலைமையில் 21 பேர் கொண்ட முதல் இந்தியக் குழு, 'போலார் சர்க்கிள்' கப்பலில் கோவாவிலிருந்து புறப்பட்டது; 1982 ஜனவரி 9 அன்று அன்டார்க்டிகாவில் இறங்கியது. 1983-84இல் சென்ற மூன்றாம் குழு 'தட்சிண கங்கோத்ரி' நிலையத்தை அமைத்தது. கப்பலிலிருந்து பனித்தளத்துக்கு ஆட்களையும் சாமான்களையும் சேர்க்க ஹெலிகாப்டர்கள் வேண்டும். ஆகவே அந்நாளைய பயணங்களில் கடற்படை, விமானப்படை விமானிகளோடு மெக்கானிக்குகளும் சென்றார்கள். விமானியின் உயிர் மெக்கானிக்கின் கையில் இருக்கிறது என்பது அங்கே வெறும் பேச்சன்று.

முதல் தொல்லை அந்தக் கைக்கே. தடித்த கையுறை போட்டால் திருகாணி விரலுக்குத் தெரியாது. கழற்றினாலோ, உலோகம் உடல் வெப்பத்தை விரைந்து கடத்திவிடும். ஈர விரல் ஸ்பானரோடு ஒட்டிக்கொள்ளவும் கூடும். அதே குளிரில் கிடக்கும் மரப்பெட்டியைத் தொட்டால் இவ்வளவு சுடுவதில்லை. (ஆம், கடுங்குளிரும் 'சுடும்'!) மசகெண்ணெய் தேன்போல் கெட்டிப்படும். பேட்டரி சோர்ந்துவிடும். எரிபொருளில் கலந்த துளி நீரும் உறைந்து வடிகட்டியை அடைக்கலாம்.

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு. அலுமினிய உடல் கொண்ட ஒரு வானூர்தியில், விமானியின் மிதியிலிருந்து வால்வரை 5 மீட்டர் நீள எஃகுக் கம்பி ஓடுகிறது என்று கொள்வோம். கோவாவில் 30 டிகிரியில் அதை இழுத்துச் சரிசெய்தார்கள். அன்டார்க்டிகாவில் 10 டிகிரி உறைகுளிர். கம்பி இறுகுமா, தளருமா?

என் வகுப்பில் பெரும்பாலோர் "இறுகும்" என்பார்கள். 40 டிகிரி இறக்கத்தில் எஃகு சுருங்குவது 2.4 மி.மீ.; அலுமினிய உடலோ 4.6 மி.மீ. சுருங்குகிறது. கம்பியைப் பிடித்திருக்கும் உடலே அதிகம் சுருங்குவதால் கம்பி 2.2 மி.மீ. தளர்கிறது! விமானி மிதித்தாலும் வால் உடனே கேட்காது. அதனால்தான் கம்பியின் இழுவிசையை வெப்பநிலை அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார் மெக்கானிக்.

இன்னொன்று மின்சாரம். உலர்ந்த பனித்துகள்கள் சுழலும் இறக்கைகளில் உராய்வதால் ஹெலிகாப்டரில் நிலைமின்னூட்டம் சேரும். பறக்கும்போது அது இறங்கத் தரை ஏது? கீழே நின்று சுமையைக் கொக்கியில் மாட்டுபவர் அவசரப்பட்டுத் தொட்டால் ஆயிரக்கணக்கான வோல்ட் அவர் வழியே பாயும். எனவே, தரையோடு கம்பியால் இணைத்த உலோக முனையுள்ள கழியை, அதன் மின்காப்புக் கைப்பிடியைப் பற்றியபடி, முதலில் கொக்கியில் தொட்டுவிடுவார்கள். சிறு பொறி தெறிக்கும். அதன் பிறகே கை கொக்கிக்குப் போகும்.