மூன்று மாத அட்வான்ஸ்: சட்டம் விட்டுவைத்த வாசல்

பள்ளிகள் திறந்துவிட்டன. ஆடி பிறந்தால் யாரும் குடிபோக மாட்டார்கள். அதற்குள் சென்னையில் ஒரு ஃபிளாட்டைப் பிடித்துவிட வேண்டும் என்று அலைகிற வாசகர்களின் கடிதங்களில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: “மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது என்று சட்டமே இருக்கிறதாமே? எங்களிடம் பத்து மாதம் கேட்கிறார்கள். புகார் கொடுக்கலாமா?”

கொடுக்கலாம். ஆனால், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு அந்தப் புகார் நிற்பது கடினம்.

2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழக வாடகைச் சட்டத்தை, குடியிருப்போரின் உரிமைச் சட்டம் என்று நினைக்கத் தோன்றும். அதன் 11-ஆவது பிரிவை முழுதாகப் படித்தால் வேறு படம் கிடைக்கும். மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்குவது சட்டவிரோதம் என்கிறது அது. ஆனால், இருதரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டிருந்தால் அந்தத் தடை பொருந்தாது. வீட்டுக்காரர் ஒப்பந்தத்தில் ‘பத்து மாதம்’ என்று எழுதி, நீங்கள் கையெழுத்திட்டால், அதுவே அந்த வேறுவிதமான உடன்பாடு. உச்சவரம்பு காணாமல் போகிறது.

கையெழுத்துப் போடாமல் இருந்துவிடலாமே என்றால், அதற்கும் வழியில்லை. எழுத்துமூல ஒப்பந்தம் செய்துகொள்ளாததையே, வீட்டைக் காலி செய்யச் சொல்வதற்கான காரணங்களில் ஒன்றாக இதே சட்டம் வைத்திருக்கிறது. ஒப்பந்தம் இல்லாவிட்டால் வீடு நிலைக்காது. ஒப்பந்தம் போட்டால் அட்வான்ஸுக்கு வரம்பு இல்லை. இத்தனைக்கும், இதற்கு முன்பிருந்த 1960-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்றது. பத்து மாத வழக்கம் வேரூன்றியதே அந்தச் சட்டம் இருந்த காலத்தில்தான். ஊர் மீறிக்கொண்டிருந்த விதியைப் புதிய சட்டம் தளர்த்தியது. தளர்த்தியதோடு நிற்காமல், மீறுவதற்கு ஒரு வாசலையும் வைத்தது.

அட்வான்ஸ் திரும்பி வரும் பணம்தானே என்று பலர் சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். வாடகை 20,000 ரூபாய் என்றால் பத்து மாத அட்வான்ஸ் 2 லட்சம். 7 சதவீத வட்டிக்கு வங்கியில் போட்டிருந்தால் வருடம் 14,000 ரூபாய் கிடைத்திருக்கும். மாதத்துக்கு ஏறக்குறைய 1,170. உங்கள் உண்மையான வாடகை 21,170. மூன்று மாத அட்வான்ஸ் என்றால் இந்த இழப்பு மாதம் 350 ரூபாயோடு போகும். கையில் பணம் இல்லாமல் நகையை அடகு வைத்தோ தனிநபர் கடன் வாங்கியோ கட்டுபவருக்கு இழப்பு இன்னும் கூடுதல். இந்தத் தொகை வாடகை ரசீதில் வராது. வீட்டு வாடகைப்படிக்கான வரிச்சலுகைக் கணக்கிலும் சேராது. காலி செய்யும்போது பெயின்ட் செலவு என்று ஒரு மாத வாடகையைக் கழிப்பது தனி.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

11 மாதம் என்று எழுதினால் பதிவு வேண்டாமா? அந்தக் கணக்கு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு மட்டும்; இந்தச் சட்டத்தின் கீழ் உள்ள வாடகை அதிகாரியிடம் எந்த ஒப்பந்தத்தையும் பதிய வேண்டும், கெடு 90 நாள்.

அட்வான்ஸ் எப்போது திரும்ப வர வேண்டும்? காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பாக்கிகள் போக.

தண்ணீரை, மின்சாரத்தை நிறுத்தினால்? சட்டவிரோதம், வாடகை அதிகாரியிடம் போங்கள்.

பெயின்ட் செலவு? ஒப்பந்தத்திலேயே தொகையை எழுதி வாங்குங்கள்.

அட்வான்ஸை ரொக்கமாகக் கேட்டால்? வங்கி வழியாக மட்டும் கொடுங்கள்.

2021-இல் மத்திய அரசு வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்புகளுக்கு அதிகபட்சம் இரண்டு மாதம் என்கிறது; உடன்பாடு இருந்தாலும் அதைத் தாண்ட முடியாது. தமிழக அரசு அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், 11-ஆவது பிரிவில் இருக்கும் அந்த விதிவிலக்கையாவது நீக்க வேண்டும். அதுவரை, வீடு பார்க்கப் போகிறவர்கள் வாடகையில் ஆயிரம் குறைக்கச் சொல்லிப் பேசுவதற்கு முன் அட்வான்ஸைக் குறைக்கச் சொல்லிப் பேசுங்கள்.